வானத்தில் வினோதமாக ஏதாவது தெரிந்தால் என்ன செய்வது?

வானிலைப் பதிவாளர் வேலையில் இருந்தவன் நான். மணிக்கு ஒரு தடவை வெளியே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். வானத்தை மனதுக்குள் எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம், என்ன வகை, எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் அதே வேலைதான். ஓய்வு பெற்றதும் பதிவேடு கையை விட்டுப் போனது, அந்த இடத்துக்கு வாட்ஸப் வந்தது. "மாமா, இது என்ன?" என்று ஒரு படம் வரும். படத்தில் பாதிக்கு மாடிக் கைப்பிடிச் சுவர், மீதியில் ஒரு வெளிச்சப் பொட்டு. எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு வார்த்தை இருக்காது. "பயமா இருக்கு" மட்டும் தவறாமல் இருக்கும்.

அப்படி அனுப்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பார்த்தது என்ன என்று நீங்களே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம். மீதிக் கால்வாசிக்கு என்னைப் போன்ற ஆளிடம் கேட்டாலும், பதில் சொல்ல அவருக்கு ஏதாவது பிடி கிடைக்க வேண்டும் அல்லவா?

முதலில், ஆபத்தா இல்லையா

படம் எடுப்பதற்கு முன்னால் பத்து விநாடி இதற்குக் கொடுங்கள். வானத்தில் மிரட்டலாகத் தெரிவது பல சமயம் பரம சாது. பார்க்கச் சாதுவாக இருப்பதுதான் ஆளை அடிக்கும். மேகத்தின் அடிவயிற்றில் பைபையாகத் தொங்குமே, அதைப் பார்த்து உலகம் முடியப் போகிறது என்று நினைக்காதவர் குறைவு. இடிமேகத்தின் உச்சி விசிறி போல விரியும்போது அதன் அடியில் உண்டாவது அது. அந்தப் பைகளுக்குள் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. பக்கத்தில் பெரிய இடிமேகம் ஒன்று நிற்கிறது என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மின்னல் கதை வேறு. தலைக்கு மேலே நீல வானம் இருக்கும்போதே, 10 கி.மீ. தள்ளி நிற்கும் மேகத்திலிருந்து வந்து தாக்கும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் 1 கி.மீ. கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். உள்ளே என்றால் சுவரும் கூரையும் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடிகளை ஏற்றிய, இரும்புக் கூரை போட்ட கார். மரத்தடியையோ, நான்கு பக்கமும் திறந்த கொட்டகையையோ நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இதில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. திறந்த வெளியில் நிற்கும்போது தலைமுடி தானாக எழுந்து நின்றாலோ, தோல் கூசினாலோ, கையில் உள்ள உலோகம் ரீங்காரம் போட்டாலோ, உங்களைச் சுற்றி மின்னேற்றம் கூடிவிட்டது என்று அர்த்தம். 1975 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மோரோ பாறை உச்சியில் சகோதரர்கள் சிலருக்கு இப்படித்தான் முடி செங்குத்தாக நின்றது. வேடிக்கையாக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அங்கே மின்னல் விழுந்தது. அவர்களில் ஒருவருக்குப் பலத்த காயம், அந்த இடத்தில் இருந்த வேறொருவர் இறந்துபோனார். அந்தப் படம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முடி நின்றால் கேமராவைத் தொடாதீர்கள். அந்த நொடியே உயரத்திலிருந்து இறங்கி, உள்ளே ஓட வழி தேடுங்கள். தரையில் படுக்கவும் கூடாது. பக்கத்தில் விழும் மின்னல் தரை வழியாகவும் பாயும்.

புயலின் நடுவே சட்டென்று காற்று நின்று வானம் வெளுத்தால், "அப்பாடா, முடிந்தது" என்று கதவைத் திறக்கத் தோன்றும். புயலின் கண் உங்கள் மேல் கடந்துகொண்டிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப வரும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட கூரை ஓடுகளும் மரங்களும் இரண்டாம் பாதியில்தான் விழும். அதிகாரப்பூர்வ அறிவிப்பு வராமல் வெளியே வர வேண்டாம்.

கடல் பின்வாங்குவதும் அப்படித்தான். 2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்தபோது, கரையிலிருந்து கடலை நோக்கி அடித்த காற்று ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது. தரை தெரிந்ததும் ஜனங்கள் இறங்கி நடக்கவும் படம் எடுக்கவும் ஆரம்பித்தார்கள். காற்று திசை மாறினால் போன தண்ணீர் திரும்பும். புயலோ, சுனாமியோ, காரணம் என்ன என்று கரையில் நின்று ஆராய வேண்டிய அவசியம் இல்லை. வழக்கத்துக்கு மாறாகக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்குப் போங்கள்.

அப்புறம், கடலில் தூண் மாதிரி எழுந்து மேகத்தைத் தொடும் சுழல்காற்று. "மேகம் கடல்நீரை உறிஞ்சும் அதிசயம்" என்ற தலைப்போடு வருடா வருடம் ஒரு காணொளி வரும். கண்ணுக்குத் தெரியும் அந்தக் குழாய் பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரப்பதம் குளிர்ந்து உண்டான நுண் திவலைகள். அடியில் கொஞ்சம் உயரத்துக்கு மட்டும்தான் கடல் தெறிக்கிறது. அது உங்கள் பக்கம் வருகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு கம்பத்தையோ பாறையையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். தூண் அதைத் தாண்டி இடமோ வலமோ நகர்ந்தால் வேறு பக்கம் போகிறது. நகராமல் ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே இருந்தால் நேராக உங்களிடம்தான் வருகிறது. நிலத்தில் வரும் சூறாவளிச் சுழலுக்கும் இதே சோதனைதான். படகில் இருந்தால் அது போகும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும், எதிரில் போய்ப் பந்தயம் ஓட்டக்கூடாது.

புழுதிச் சுவர் ஒன்று சாலையை விழுங்க வந்தால், ஓட்டுநர்கள் உடனே விளக்கைப் போட்டு ஊர்ந்து போகப் பார்ப்பார்கள். முன்னால் இருப்பது தெரியாத அளவு புழுதி என்றால் சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள், கைப் பிரேக்கைப் போடுங்கள், காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கால் அதில் இருந்தால் பின்விளக்கு எரியும். பின்னால் வருகிறவர் அந்தச் சிவப்பைப் பார்த்து, "முன் வண்டி போகிறது, இதுதான் சாலை" என்று நம்பி நேராக வந்து மோதுவார். சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை, ஆனால் புழுதிப் புயல் வழக்கமாக வரும் இடங்களில் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தருவது இதைத்தான்.

சரி, ஆபத்து இல்லை. சூரியன் எங்கே?

எனக்கு வரும் படங்களில் பாதிக்குமேல் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். நிறமோ வளையமோ எதுவாக இருந்தாலும், சூரியனிலிருந்து (ராத்திரி என்றால் நிலாவிலிருந்து) அது எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். ஒரு கம்பத்தின் தலையோ கட்டட விளிம்போ சூரியனை மறைக்கும்படி நிழலில் போய் நின்றால் போதும்.

அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. கையை முழுதாக நீட்டினால் சுண்டு விரலின் அகலம் சுமார் 1 டிகிரி, மூடிய முஷ்டி 10 டிகிரி, நன்றாக விரித்த கையில் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை 20 டிகிரியும் கொஞ்சமும். குழந்தையின் கை சிறியது என்றாலும் அதன் கை நீளமும் குறைவு, ஆகவே கணக்கு கிட்டத்தட்ட அதேதான். முழு நிலாவே வெறும் அரை டிகிரிதான் என்பதைச் சுண்டு விரலால் மறைத்துப் பார்த்துச் சரிபாருங்கள். நிலா "வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிசு" என்று யாராவது சொன்னால் அவரையும் விரலை நீட்டச் சொல்லலாம்.

இனி சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் தெரிகிறது என்று வையுங்கள். விரித்த கையின் பெருவிரலைச் சூரியன் மேல் வைத்தால் சுண்டு விரல் வட்டத்தைத் தொடுகிறதா? அப்படியானால் அது 22 டிகிரி ஒளிவட்டம். உயரத்தில் மெல்லிய பனிப்படிக மேகம் பரவியிருக்கிறது, அறுகோணப் படிகங்கள் ஒளியை வளைக்கின்றன. உள்விளிம்பு சிவந்திருக்கும். நிலாவை ஒட்டியே சின்னதாக, உள்ளே வெளுத்து வெளிவிளிம்பு செம்பழுப்பாக ஒரு வளையம் இருந்தால் அது வேறு. அது நீர்த்திவலைகளின் வேலை. சிவப்பு உள்ளேயா வெளியேயா என்று பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். "அகல் வட்டம் பகல் மழை" என்று சொல்வார்கள். மழை கொண்டுவரும் மேகக்கூட்டத்துக்கு முன்னோடியாக அந்த மெல்லிய மேகம் வருவதுண்டு, அதனால் சொலவடைக்கு அடிப்படை உண்டு. ஆனால் வட்டம் கட்டியும் துளி விழாத நாட்கள் ஏராளம். துணி உலர்த்துவதை அதை நம்பி ஒத்திவைக்க மாட்டேன்.

இரண்டு சூரியன், மூன்று சூரியன் தெரிவதும் இந்தப் படிகங்களால்தான். நிஜ சூரியனுக்கு இடமும் வலமும், அதே உயரத்தில், அதே ஒரு விரித்த கை தூரத்தில் தெரியும். சூரியனைப் பார்த்த பக்கம் சிவப்பு. 1461 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மார்ட்டிமர்ஸ் கிராஸ் போருக்கு முன்னால் வீரர்கள் மூன்று சூரியனைப் பார்த்து நடுங்க, பின்னாளில் நான்காம் எட்வர்டு ஆன இளம் தளபதி "இது பிதா, மகன், தூய ஆவி என்ற திரித்துவம், நமக்கு நல்ல சகுனம்" என்று சொல்லிவிட்டார். போரில் வென்றார், சூரியனைத் தன் சின்னமாகவும் வைத்துக்கொண்டார். 1535 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமுக்கு மேலே இதே மாதிரி வட்டங்களும் போலிச் சூரியன்களும் தோன்றியபோது யாரோ அதை ஓவியமாகத் தீட்ட வைத்தார்கள். அதன் பழைய பிரதி அங்குள்ள பெரிய தேவாலயத்தில் இன்றும் தொங்குகிறது. நம் வழிகாட்டிக்கு எட்வர்டைவிட அந்த ஓவியம்தான் பொருத்தம். பார்த்ததைப் பார்த்த மாதிரி பதிந்து வைத்த வேலை அது.

வானவில் என்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையை மையமாக வைத்து 42 டிகிரியில் அது நிற்கும். இரண்டாவது வில் இருந்தால் 51 டிகிரியில், நிறங்கள் தலைகீழாக. சூரியன் இருக்கும் பக்கத்திலேயே வானவில் நிறங்கள் தெரிந்தால் அது மழைவில் இல்லை, மறுபடி பனிப்படிகம்தான். நடுப்பகலில், சூரியன் 58 டிகிரிக்கு மேலே ஏறியிருக்கும்போது, அதற்கு இரண்டு விரித்த கை கீழே அடிவானத்துக்கு இணையாக ஒரு நிறப்பட்டை ஓடும். இதைத்தான் "தீ வானவில்" என்று பரப்புகிறார்கள். தீயும் இல்லை, மழையும் இல்லை. காலையிலோ மாலையிலோ, சூரியன் 32 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது உச்சந்தலைக்கு அருகே தலைகீழ் வில் ஒன்று தெரிவதும் உண்டு. "வானம் சிரிக்கிறது" என்று அது வரும்.

அடிவானத்துக்கு மேலே கப்பல் மிதக்கிறதா? கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேலே வெப்பக் காற்றும் அடுக்காக இருந்தால் ஒளி வளைந்து வந்து அப்படிக் காட்டும். உட்கார்ந்து பாருங்கள், எழுந்து பாருங்கள், நாலு படி ஏறிப் பாருங்கள். கண்ணின் உயரம் மாற மாறக் காட்சியும் மாறினால் கானல்தான்.

வானமே நிறம் மாறினால்

2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் ஃபிரான்சிஸ்கோவில் பகல் முழுக்க வானம் ஆரஞ்சாக இருந்தது. வெளியே வந்து படம் எடுத்தவர்கள் திகைத்துப் போனார்கள், படத்தில் வானம் வெறும் சாம்பல் நிறம்! கைப்பேசிக் கேமரா "இவ்வளவு ஆரஞ்சு இருக்க முடியாது" என்று தானாகவே திருத்திவிட்டது. ஆகவே நிறம்தான் செய்தி என்றால் கேமராவில் தானியங்கி வெள்ளைச் சமநிலையை (ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்) நிறுத்தி, பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் வையுங்கள். அது தெரியாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து அதையும் சேர்த்து எடுங்கள், தாளின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். எதுவும் வேண்டாம் என்றால் கண்ணால் பார்த்த நிறத்தை உடனே எழுதி வைத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் எழுத்துதான் படத்தைவிட நம்பகம்.

காரணம் தேட, காற்று வரும் திசையில் எங்காவது காட்டுத்தீ, எரிமலை, புழுதிப் புயல் உண்டா என்று பாருங்கள். தூரம் பெரிதாக இருக்கலாம், அதற்காகத் தயங்காதீர்கள். 1950 செப்டம்பரில் கனடாவின் ஆல்பர்ட்டா காடுகள் எரிந்த புகை கடல் தாண்டிப் போய் ஸ்காட்லாந்தில் சூரியனை நீலமாக்கியது. துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும், அதனால்தான் அபூர்வம். 1883 ஆகஸ்டில் கிராகடோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதம் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அந்த நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் போக்கீப்ஸியிலும் அந்தி வானம் கொழுந்துவிட்டு எரிவதுபோல் சிவந்து, ஊர் பற்றிக்கொண்டது என்று தீயணைப்பு வண்டிகளை அனுப்பிவிட்டார்கள்.

புகைதான் என்று தெரிந்தால் ரசிப்பதை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

அந்தி முடிந்த கொஞ்ச நேரத்திலோ விடிவதற்கு முன்போ வானில் சுருள் வடிவிலோ விரியும் பூ மாதிரியோ ஒளி தெரிந்தால் முதல் சந்தேகம் ராக்கெட் மேல் போகட்டும். கீழே இருட்டு, மேலே சூரிய ஒளி படுகிறது, புகை ஜொலிக்கிறது. 2009 டிசம்பரில் வடக்கு நார்வேயில் பலரை மிரள வைத்த ஒளிச்சுருள், தோற்றுப்போன ஒரு ரஷ்ய ஏவுகணைச் சோதனை. அன்றைய ஏவுதல் பட்டியலை இணையத்தில் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது.

மேலிருந்து விழுந்தவை

ஆலங்கட்டி விழும்போது பொறுக்க ஓடாதீர்கள். 1888 ஏப்ரலில் மொராதாபாத்தில் ஆலங்கட்டி மழைக்கு 246 பேர் பலியானார்கள். 1986 ஏப்ரலில் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த ஒரு கட்டியின் எடை 1.02 கிலோ. முற்றும் நின்ற பிறகு போய், பெரிய கட்டிகளை எடுத்துப் பக்கத்தில் நாணயமோ அளவுகோலோ வைத்துப் படம் எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். உறையில்லாமல் வைத்தால் அங்கேயும் மெல்ல மெல்லத் தேயும். 2010 ஜூலையில் அமெரிக்காவின் விவியன் என்ற ஊரில் விழுந்த 20 செ.மீ. கட்டிதான் அந்நாட்டின் சாதனை. அதுவும் மின்சாரம் போனதில் உறைபெட்டிக்குள் கொஞ்சம் உருகிய பிறகு அளந்த அளவு!

நிறமுள்ள மழை என்றால் சேகரிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கழுவித் துடைத்த கண்ணாடிப் பாத்திரத்தை வெட்டவெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வையுங்கள். ஓட்டிலிருந்து வடியும் தண்ணீரும் தரையில் தேங்கியதும் எதற்கும் உதவாது, வழியில் இருந்த துருவும் பாசியும் அதில் கலந்துவிடும். மூடி, தேதியும் நேரமும் ஒட்டி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். 2001 ஜூலை முதல் செப்டம்பர் வரை கேரளத்தில் விட்டு விட்டு பெய்த சிவப்பு மழை இதற்குப் பாடம். எரிகல் வெடித்த தூசி என்றார்கள். சில ஆண்டு கழித்து வேற்றுலக உயிரணு என்றுகூட ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆனால் மாதிரிகளை ஆராய்ந்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே அரசு ஆய்வு நிறுவனங்கள் கொடுத்த அறிக்கையில் இருந்தது டிரென்டிபோலியா என்ற பாசியின் நுண்வித்துகள். அந்தப் பகுதி மரங்களிலேயே அது நிறைய வளர்ந்திருந்தது.

மீன் விழுந்தது என்று கேள்விப்பட்டால் கூரை மேலும் மாடியிலும் மீன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெருவில் மட்டும் இருந்தால் பக்கத்துக் குளம் நிரம்பி வழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மாடியிலும் இருந்தால் அப்புறம் சுழல்காற்றைப் பற்றிப் பேசலாம். தெளிவான வானத்திலிருந்து ஒரே ஒரு பெரிய பனிக்கட்டி விழுந்து, அது நீலமாகவோ பழுப்பாகவோ இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். விமானக் கழிப்பறையில் கசிந்து உறைந்ததாக இருக்கலாம். 2018 ஜனவரியில் ஹரியானாவில் ஒரு கிராமத்தில் இப்படி ஒன்று வயலில் விழ, அபூர்வப் பொருள் என்று சிலர் உடைத்து எடுத்துப் போய் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

எழுதி வைப்பது எப்படி

படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் தரையோ கட்டடமோ கொஞ்சம் தெரியட்டும், அளவும் திசையும் பிறகு கணக்கிட அதுதான் உதவும். பெரிதாக்காமல் ஒன்று, பெரிதாக்கி ஒன்று. அப்புறம் எழுதுங்கள். என் மருமகன் முதலில் அனுப்பியது: "மாமா, ரெண்டு சூரியன்! உலகம் அழியுதா?" இப்போது அனுப்புவது இப்படி இருக்கிறது:

"மாலை 5.40. மேற்கு. சூரியனுக்கு வலப்பக்கம், விரித்த கை ஒன்று தள்ளி, அதே உயரம். சூரியன் பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் வெள்ளை வால். இடப்பக்கம் ஒன்றுமில்லை, அங்கே மேகமும் இல்லை. மெல்லிய வெள்ளை மேகம் வலப்பக்கம் மட்டும். 5.52க்கு மறைந்தது."

இதற்கு நான் பதில் எழுத வேண்டிய தேவையே இல்லை. "இடப்பக்கம் ஒன்றுமில்லை, அங்கே மேகமும் இல்லை" என்ற வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இல்லாததையும் எழுதத் தெரிந்தவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சத்தம் கேட்டதா, வாசனை வந்ததா, காற்று எப்படி இருந்தது, உடன் பார்த்தவர் யார் என்பதையும் சேர்க்கலாம். நீங்கள் நினைக்கும் காரணத்தையும் எழுதுங்கள், ஆனால் கீழே, தனியாக ஒரு வரியில். கூடப் பார்த்தவரிடம் பேசுவதற்கு முன்னால் எழுதுங்கள். பேசிவிட்டால் இரண்டு பேர் பார்த்ததும் ஒன்றாகிவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். இடிமேகத்துக்கு மேலே சிவப்பாகப் பாயும் ஒளியை விமானிகள் நெடுங்காலமாகவே பார்த்துவந்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989 ஜூலையில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் வேறு வேலைக்காக வைத்த கேமராவில் அது தற்செயலாகப் பதிந்த பிறகுதான் ஆராய்ச்சியே சூடுபிடித்தது. கொந்தளிக்கும் கடலைக் கீழேயிருந்து பார்ப்பதுபோல் இருக்கும் ஒரு மேக வடிவத்தை, சாதாரண ஆட்கள் அனுப்பிய படங்களை வைத்து ஆர்வலர்கள் வாதாடினார்கள். 2017இல் உலக வானிலை அமைப்பு தன் மேக வரைபட நூலில் அதை ஆஸ்பெரிடாஸ் என்று சேர்த்துக்கொண்டது. பந்து மின்னல் பற்றிக் கேட்டால் இன்றும் முழு விளக்கம் இல்லை. 2012இல் சீனாவில் இடியை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களின் கருவியில் ஒரு பந்து தற்செயலாகச் சிக்கியது. அதன் ஒளியில் மண்ணில் இருக்கும் சிலிக்கானும் இரும்பும் கால்சியமும் தெரிந்தன. அதைத் தவிர நம்மிடம் இருப்பது பெரும்பாலும் பார்த்தவர்களின் வாக்குமூலம்தான். நீங்கள் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், எழுதுங்கள்.

பயந்தவரிடம் எப்படிப் பேசுவது

சிரிக்காதீர்கள். எங்கள் அடுத்த வீட்டு அக்கா ஒருமுறை சூரியனைச் சுற்றி வட்டம் தெரிந்ததும் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா" என்று சொன்னால் நம்பவா போகிறார்? கம்ப நிழலுக்கு அழைத்துப் போய், "கைய நல்லா விரிங்க, கட்டைவிரல அந்தக் கம்பத்து மேல வைங்க" என்றேன். சுண்டு விரல் வட்டத்தில் போய் உட்கார்ந்தது. "நாளைக்கு வந்தாலும் இதே அளவுதான் இருக்கும், எங்க வந்தாலும் இதே அளவுதான்" என்றேன். அவரே பிள்ளைகளை வெளியே கூப்பிட்டு ஒவ்வொருவர் கையாகப் பிடித்து அளக்க வைத்துவிட்டார். பயத்தில் இருப்பவருக்கு விளக்கத்தைவிட ஒரு வேலை கொடுப்பது நன்றாக உதவுகிறது. நேரம் குறிக்கச் சொல்லுங்கள், திசை பார்க்கச் சொல்லுங்கள்.

1780 மே 19 அன்று அமெரிக்காவின் வடகிழக்கில் நண்பகலிலேயே இருட்டிவிட்டது. காட்டுத்தீப் புகைதான் காரணம் என்று இப்போது மரங்களில் உள்ள தீத்தழும்புகளை வைத்துச் சொல்கிறார்கள். அன்று பலர் இறுதித் தீர்ப்பு நாள் என்று நம்பினார்கள். கனெக்டிகட் சட்டமன்றத்தில் சபையைக் கலைத்துவிடலாமா என்று கேட்டபோது, ஏப்ரஹாம் டாவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்துவிட்டார். அந்த நாள் வரவில்லை என்றால் கலைக்கக் காரணமில்லை, வந்துவிட்டது என்றால் கடமையில் இருக்கும்போதே வரட்டும், மெழுகுவத்தி கொண்டுவாருங்கள் என்பது அவர் சொன்னதின் சாரம். காரணம் அவருக்கும் தெரியாது என்பதைக் கவனியுங்கள்.

வதந்திச் செய்திகளுக்கு என் முதல் சோதனை தேதி. "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை அண்டக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் வருகின்றன, கைப்பேசியை அணைத்து வையுங்கள், நாசா அறிவிப்பு" என்று ஒன்று பல வருடமாக உயிரோடு இருக்கிறது. "இன்று இரவு" என்று மட்டும் இருப்பதால் அதற்குச் சாவே இல்லை. தேதி, இடம், அறிவித்தவரின் பெயர் மூன்றும் இல்லாததை அனுப்பாதீர்கள். படத்தை இணையத்தில் படமாகவே தேடிப் பார்த்தால் பழையது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். விசித்திர மேகம் தெரிந்தால் நிலநடுக்கம் வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, அதையும் நிறுத்தலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரமும் மற்ற விவரங்களும் கழன்றுபோகும். 'ஆவணம்' என்ற வழியில் அசல் கோப்பாக அனுப்புங்கள். நிறத்தைக் கூட்டிக் குறைத்த பிரதியை வேறு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், எனக்கு அந்த அசல்தான் வேண்டும்.